கனகம் பூசிய மஞ்சள்

எங்கள் காலனிக்குப் பின்னால், மில் சுவரை ஒட்டி, பூங்காவுக்கென்று விட்ட இடம் ஒன்று இருந்தது. வரைபடத்தில்தான் அது பூங்கா. நேரில் பார்த்தால் நொச்சியும் ஆவாரையும் வேலாமரமும் பின்னிக்கொண்ட புதர். உள்ளே கீரி, ஓணான், செம்போத்து. நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு கறையான் புற்று.

அந்தப் புதருக்குப் பட்டா வாங்கியவள் போல நடந்துகொண்டவள் கனகம். தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தனிக்கட்டை. சிறுவாணித் தண்ணீர் எப்போது வரும் என்று நாங்கள் குழாயடியில் தவம் கிடந்த காலத்தில், பிடித்த தண்ணீரில் ஒரு குடத்தைப் புதருக்குள் பறவைகளுக்கு ஊற்றிவிட்டு வருவாள். "குருவிக்கு வாக்கப்பட்டவ" என்று நாங்கள் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்திருக்காது. விழுகிற மாதிரி பேசவும் இல்லை.

தொண்ணூற்று மூன்றில், காலனி சங்கத் தலைவர் அப்புசாமி அங்கே ஷட்டில் மைதானம் போட முடிவெடுத்தார். மோட்டார் பம்ப் பட்டறை முதலாளி; சொன்னால் சொன்னதுதான். கனகம் அவர் வீட்டுக்கே போய்க் கெஞ்சினாள்.

"ஏனுங்க, செம்போத்துக் கூட்டுல குஞ்சு இருக்குதுங்க. பொதரை அழிச்சுப்போட்டா அது எங்கீங்க போகும்?"

"அதுக்கும் ஒரு சைட்டு வாங்கிக் குடுத்தரலாமுங்க அம்மணி."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை புல்டோசர் வரும் என்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது புற்றுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. வடகம் காயவைக்க மொட்டைமாடி ஏறிய நான், மஞ்சள் கையைத் துடைத்தபடி கனகம் வெளியே வருவதைப் பார்த்தேன். இரண்டே பேரிடம்தான் சொன்னேன். அவர்கள் நம்பவில்லை.

புல்டோசர் டிரைவர் புற்றைக் கண்டதும் செருப்பைக் கழற்றினான். "இதுல கைய வெச்சா என்ற குடும்பம் வெளங்குங்களா?" வண்டி திரும்பியது. அப்புசாமியும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கனகம் அந்த வாரம் முழுக்கத் தெருவில் நிமிர்ந்து நடந்தாள்.

ஆடி பிறந்தது. புற்றுக்குப் பாலும் முட்டையும் வந்தபடி இருந்தன. முட்டையில் கீரி கொழுத்தது. ஆத்தா ஏற்றுக்கொண்டாள் என்று அப்புசாமியின் மனைவி ராசாத்தாள் உருகினாள். ஒருநாள் அவள் காலில் வேலாமுள் ஏறியது.

"சாமி கும்புட வாரவங்க முள்ளுக்கும் பாம்புக்கும் பயந்துட்டே வரோணுமா? மொதல்ல பொதரை வெட்டிப்போடுங்க."

பாம்பைக் கும்பிட வந்தவர்கள், பாம்புக்குப் பயந்து புதரை வெட்டக் கிளம்பினார்கள். அதே டிரைவர், நெற்றி நிறையச் சந்தனத்தோடு வந்தான். கனகம் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"அது சாமியில்லீங்க! மஞ்சளைப் பூசுனது நானுங்க. பொதரைக் காப்பாத்தத்தான் செஞ்சுபோட்டனுங்க!"

அப்புசாமி கைகூப்பினார்.

"நீங்க எங்கீங்க பூசுனீங்க அம்மணி? ஆத்தாதான் உங்களைப் பூச வெச்சிருக்கறா."

ராசாத்தாள் கனகத்தின் காலில் விழுந்தாள். பின்னாலேயே நாலைந்து பேர் விழுந்தார்கள். அவளை அன்போடு ஓரமாகக் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். குலவைச் சத்தத்தில் வண்டி கிளம்பியது. நொச்சி, ஆவாரை, கூடு எதுவும் மிஞ்சவில்லை.

தை மாதம் கும்பாபிஷேகம். தகரக் கூரை, மொசைக் தரை. புற்றுக்குச் சிமெண்ட் பூசி மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள். முதல் தீர்த்தம் கனகத்துக்குத்தான் என்று அப்புசாமி ஒற்றைக்காலில் நின்றார்.

அவள் வாங்கினாள்; குடிக்கவில்லை. உள்ளங்கையைச் சாய்த்துத் தரையில் ஊற்றினாள்.

மொசைக் வழுக்கிவிடும் என்று ராசாத்தாள் ஓடிவந்து துடைத்தாள்.