டிரைவேயில் இருந்த யோகி

நதீஷாவின் அப்பா அமிர்தநாதர் ஒரு கோடைகாலம் முழுவதும் கனடாவின் மார்க்கம் நகரில் யோகியாக இருந்தார். அது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அடுத்த பூசைக்கு முன்னமே பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடியிருப்பார். அப்படிப்பட்ட கத்தோலிக்க வேதக்காரர்.

ஊரில், இலங்கையில், சண்டை முடிந்த வருடம் அது. நதீஷாவுக்கு ஒன்பது வயது. இப்போது விட்பி நகரில் குடியிருக்கும் அவள், ஹைவே நெரிசலில் அந்தக் கோடையை நினைத்துச் சிரித்தால், பக்கத்துக் காரில் இருப்பவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள்.

கட்டிமுடித்த தெரு என்று சொல்லித்தான் வீட்டை விற்றார்கள். போய்ப் பார்த்தால் புல் இல்லை, சேறு. அந்தச் சேறு விழுங்கிய நதீஷாவின் ஒற்றைச் சப்பாத்து இந்நேரம் பூமியைத் துளைத்து மறுபக்கத்தால் வெளியே வந்திருக்கும். நகரசபை நட்டுவிட்ட மரங்கள் குடைக்கம்பியளவு தடிப்பு. ஒளித்துப் பிடித்து விளையாடினால், மரத்துக்குப் பின்னால் ஒளித்தவரின் காது இரண்டும் வெளியே நிற்கும். எதிர்வீட்டு மஸூரின் மகள் அஸ்ராவும் நதீஷாவும் காலையில் வெளிக்கிட்டால் தெருவிளக்கு எரியும்வரை வீட்டுக்கு வருவதில்லை. தாகத்துக்குத் தோட்டக்குழாய்த் தண்ணீர். வெயிலில் சுட்ட அந்த றப்பர் வாசத்துக்கு எந்தச் சர்பத்தும் கிட்ட நிற்காது.

அந்தத் தெருவுக்கு வராத இன்னொன்று கைத்தொலைபேசிச் சிக்னல். அமிர்தநாதர் வீட்டில் அது ஒரேயோர் இடத்தில்தான் அகப்பட்டது: டிரைவே மூலையில், கராஜ் கதவோரம். அதுவும் நிலத்தில் இருந்தால் மட்டும். எழும்பினால் போய்விடும், இடப்பக்கம் சரிந்தாலும் போய்விடும். ஆகவே சம்மணம் கட்டி, முதுகை நிமிர்த்தி, ஆடாமல் அசையாமல் இருப்பார்.

அந்தப் போனை விட்டு அவரால் இருக்க முடியாது. அவருடைய தம்பி றெமிஜியஸ் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். தை மாதம் கடைசியாகக் கதைத்தவர். சண்டை முடிந்து சனமெல்லாம் முகாமுக்குள் வந்தபிறகும், இருக்கிறாரா இல்லையா என்று ஒரு சொல் இல்லை. தம்பிக்குப் பாடமாக இருந்த நம்பர் அண்ணனுடைய அந்த நம்பர் ஒன்றுதான். வவுனியாவில் இருந்த, ஜோசப்பின் என்ற மச்சாள் முகாம் வாசல்களில் விசாரித்துவிட்டுப் பின்னேரம் போன் எடுப்பாள். இங்கே அது விடிகாலை. இரவு வேலை முடித்து வந்த அமிர்தநாதர், வெள்ளைச் சாரத்தோடு மூலையில் குந்தி, இரைச்சலுக்குள் அவள் குரலைப் பிடிக்கக் கண்ணை மூடிக்கொள்வார். தம்பி கிடைக்கும்வரை சவரம் செய்வதில்லை என்று அந்தோனியாருக்கு நேர்த்தி வேறு. தாடி நெஞ்சுவரை, நதீஷாவின் கணக்கில் தொப்புள்வரை, வளர்ந்துகிடந்தது.

ஜோசப்பின் சொல்லச் சொல்ல அவர் சொல்லுவது ஒரே சொல்.

"ஓம்... ஓம்... ஓஓம்... ஓம்."

பக்கத்து வீட்டு டொரத்தி ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ரீச்சர். தனியாக இருந்தவர். ஒருநாள் வேலிக்கு மேலால் நதீஷாவைக் கூப்பிட்டு இங்கிலீஸில் கேட்டார்.

"உன் அப்பா காலையில் ஓம் என்றுதானே சொல்கிறார்?"

"ஓம் என்றுதான்."

"எவ்வளவு காலமாகச் சொல்கிறார்?"

நதீஷா யோசித்தாள். "சின்னப்பிள்ளையில் இருந்தே."

டொரத்தி நெஞ்சில் கையை வைத்தார். "நாங்களும் வந்து அவரோடு இருக்கலாமா? தொந்தரவு செய்ய மாட்டோம். பேசவே மாட்டோம்."

நதீஷா ஓடிப்போய்ச் சொன்னாள். "அப்பா, டொரத்தி அன்ரி காலமை வந்து உங்களோட சும்மா இருக்கலாமோ எண்டு கேக்கிறா."

அமிர்தநாதருக்குக் கண் கலங்கிவிட்டது. துன்பப்பட்ட வீட்டுக்கு அயல்சனம் வந்து பேசாமல் பக்கத்தில் இருப்பது ஊர்வழக்கம். வெள்ளைக்காரருக்கும் அது இருக்கிறதென்று அவர் எதிர்பார்க்கவில்லை. "வரச்சொல்லு பிள்ளை. நல்ல மனுசர்."

சனிக்கிழமை டொரத்தி வந்தார். பாயோடு வந்தார். தெருச்சனத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். நதீஷா சொல்லச் சொல்ல அந்தக் கூட்டம் பெருகிப் பெருகி இப்போது நாற்பது பேரில் நிற்கிறது. அன்றைக்கு ஏழெட்டுப் பேர் இருந்திருக்கலாம். பாய்களை விரித்து, கால்களைப் பின்னி, கண்ணை மூடினார்கள். எதிர்வீட்டு மஸூர் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் சேர்ட்டுப் பொத்தான் தெறித்து ரோட்டில் உருண்டது.

"அமிர் அண்ணை, உண்டியல் ஒண்டு வைப்பமோ?"

"விசர்க்கதை கதையாதையும் மஸூர். சனம் மனவருத்தத்தில வந்திருக்குது."

உள்ளே அம்மா மக்டலீன் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. புருசன் உள்ளே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"என்னப்பா உது? செத்தவீடு மாதிரி சனம் குந்தியிருக்குது. ஆர் சொன்னது அவன் செத்திட்டான் எண்டு?"

"வந்து இருக்கிற ஆக்களை எழும்பிப் போங்கோ எண்டு சொல்லுறதே?"

"சொல்லுங்கோ. நான் ஒரு சொட்டுத் தேத்தண்ணி குடுக்கமாட்டன். குடுத்தால் செத்தவீடேதான்."

நதீஷா கதவடியில் நின்று கேட்டாள். கூட்டிக்கொண்டு வந்தது தானல்லவா? சித்தப்பா செத்திருந்தால் அது தன்னால்தான் என்று அந்த ஒன்பது வயது முடிவுகட்டியது. அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக டிரைவேயில் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"இன்றைக்கு இல்லை. முடிந்துவிட்டது. எல்லாரும் வீட்டுக்குப் போங்கள்."

"கடைசியாக ஒருமுறை, கண்ணே," என்று டொரத்தி பாயை விரித்தார். மற்றவர்களும் விரித்தார்கள். அமிர்தநாதர் வந்து மூலையில் சம்மணம் கட்டினார். நதீஷா அழ ஆயத்தமானாள்.

போன் அடித்தது. ஜோசப்பினின் நம்பர் அல்ல.

"ஹலோ?"

கடல் இரைவதுபோல் ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து, பக்கத்தில் நின்ற நதீஷாவுக்கும் கேட்க, ஒரு குரல்.

"அண்ணை... அண்ணை, நீங்களோ?"

அமிர்தநாதரின் தாடி நடுங்கியது. அடிவயிற்றிலிருந்து வந்தது அந்தச் சொல்.

"ஓஓஓம்!"

இவ்வளவு ஆழமான ஓமை அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை. பாயில் இருந்தவர்கள் மூச்சை இழுத்து, ஒன்றாகத் திருப்பிச் சொன்னார்கள். "ஓஓஓம்ம்ம்!" ரொறன்ரோ வரைக்கும் காகங்கள் எழும்பின.

போனுக்குள் தம்பியின் குரல் உயர்ந்தது.

"அண்ணை, கோயிலிலயோ நிக்கிறியள்? வேதத்தை விட்டிட்டியளோ?"

"இல்லையடா! டிரைவேயில. நீ சுகமோ? காயமேதும்?"

"காலில சின்னக் காயம். நடக்கிறன். முகாமில ஒருத்தற்ற போன், உடன குடுக்கவேணும். நான் இருக்கிறன் எண்டு எல்லாருக்கும் சொல்லுங்கோ. கேக்குதோ?"

"ஓம்!"

"ஓஓஓம்ம்ம்!" என்றது தெரு.

"அண்ணை, அது ஆர்?" என்று றெமிஜியஸ் கத்தினார். அமிர்தநாதர் சந்தோசத்தில் துள்ளி எழும்பினார். எழும்பினால் சிக்னல் போய்விடுமென்பது அந்த நேரத்தில் ஆருக்கு ஞாபகம்? போய்விட்டது. அவர் போனைப் பிடித்தபடி அழுதார், சிரித்தார், டொரத்தியைக் கட்டிப்பிடித்தார். மக்டலீன் வெறுங்காலோடு ஓடிவந்து விசயத்தைக் கேட்டாள். கேட்டவள் அப்படியே திரும்பி உள்ளே ஓடினாள்.

"எங்கயம்மா ஓடுறியள்?"

"தேத்தண்ணி வைக்க. இனிக் குடுக்கலாம்."

இஞ்சித் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு டொரத்தி நதீஷாவிடம் மெதுவாகக் கேட்டார். "அந்தச் சொல்லுக்கு உங்கள் மொழியில் என்ன அர்த்தம்?"

நதீஷா காலால் சேற்றைக் கிண்டினாள். "யெஸ்."

"யெஸ் மட்டுமா?"

"யெஸ் மட்டும்தான்."

டொரத்தி கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு அந்தச் சொல்லைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை மற்றவர்கள் ஒருவரும் வரவில்லை. டொரத்தி மட்டும் பாயோடு வந்து டிரைவே மூலையில் இருந்தார். அமிர்தநாதர் நேர்த்தி முடித்துச் சவரம் செய்த முகத்தோடு யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் பாதியைக் காணவில்லை.

"பாவம் உவ," என்றாள் மக்டலீன். "உவவும் ஆரையோ தேடுறா போல."

அமிர்தநாதர் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே போய், டொரத்திக்குப் பக்கத்தில் சம்மணம் கட்டி இருந்தார்.