லேட், லேட்டர், லேட்டஸ்ட்

ராஜேஸ்வரி டீச்சர் வகுப்புக்குள் நுழைவதற்கு முன்னால் எலுமிச்சம்பழ வாசனை நுழைந்துவிடும். படவேட்டில் விடிவதற்குள் கிளம்பி, போளூரில் வண்டி மாறி, மலைப்பாதை பஸ்ஸில் உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வாள். முதல் வளைவில் முகர்வாள். அடுத்தடுத்த வளைவுகளில் நகத்தால் கீறுவாள். ஜமுனாமரத்தூர் வருவதற்குள் பழம் சக்கையாகியிருக்கும், டீச்சரும் கிட்டத்தட்ட அதே நிலையில்தான் இருப்பாள். சில நாள் பழம் ஜெயிக்கும், பல நாள் வளைவு ஜெயிக்கும். வளைவு ஜெயிக்கப்போவது முகத்தைப் பார்த்தாலே கண்டக்டர் தங்கவேலுக்குத் தெரிந்துவிடும். யாரையாவது எழுப்பி ஜன்னலோர சீட்டைக் காலி செய்து கொடுப்பார்.

இந்தப் பஸ்ஸிலிருந்து விடுதலை வேண்டும். ராஜேஸ்வரிக்கு இந்த ஜென்மத்தில் வேறு வரம் வேண்டாம். படவேட்டில் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் இடம் காலியாக இருந்தது. வீட்டு வாசலில் செருப்பை மாட்டினால் நேராகப் பிரேயரில் போய் நிற்கலாம். அங்கே மாற்றுப்பணி கேட்டு மனு கொடுத்திருந்தாள். மனு பல மேசைகளில் படுத்து எழுந்து, கடைசியில் ஆபீசர் குணசீலன் கைக்குப் போயிருந்தது. அந்தக் குணசீலனே இன்ஸ்பெக்‌ஷனுக்கு மலைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது.

தலைமையாசிரியர் தேவராஜ், மத்தியானம் பிள்ளைகள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கும் குரலில் சொன்னார்.

"மேடம், ஆபீசரு ஏழாங்கிளாஸ் இங்கிலீஷ்தான் பாப்பாரு. புள்ளைங்க நல்லா சொல்லி மனுஷன் சந்தோஷப்பட்டுட்டாருன்னு வெச்சிக்கோங்க, இங்கயே கையெழுத்து போட்டுட்டு நீங்க கெளம்புங்கன்னுடுவாரு. மூஞ்சி சுருங்கிடுச்சின்னா ஃபைல மூடிடுவாரு. அவரு சுபாவம் அது."

முட்டையை உரித்துக்கொண்டிருந்த வெண்ணிலா தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஏழாம் வகுப்பில் எல்லா வம்பும் அவளிடம்தான் புறப்படும். முட்டை சரியாக வேகவில்லை போலிருக்கிறது என்று ராஜேஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

ஆபீசரைச் சந்தோஷப்படுத்த அவள் தேர்ந்தெடுத்த பாடம், ஒன்றோடொன்றை ஒப்பிட்டுச் சொல்வது. பிக், பிக்கர், பிக்கஸ்ட். சுலபமான பாடம், சத்தமாகச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். புத்தகத்தில் இருந்த உதாரணமோ ரயிலும் விமானமும். வகுப்பில் ரயிலைப் பார்த்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. அதனால், "உங்களச் சுத்தி இருக்கறத வெச்சி சொல்லுங்க" என்றாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஒப்பிடுவது இங்கிலீஷில் பாடம் என்றால் நம் ஊரில் அது பொழுதுபோக்கு. தண்ணீர்க் குழாயடியில் அதைத்தானே செய்கிறோம்.

முதலில் எழுந்தவன் முனிசாமி. "மை ஃபாதர் இஸ் லேசி. மை சித்தப்பா இஸ் லேசியர். மை பெரியப்பா இஸ் தி லேசியஸ்ட்."

இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ராஜேஸ்வரி கைதட்டச் சொன்னாள். முனிசாமி அந்தக் கைதட்டலை வீட்டுக்கு எடுத்துப்போய், அர்த்தத்தோடு சேர்த்துச் சொல்லிக் காட்டியிருக்கிறான். பெரியம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போய் மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். மறுநாள் பெரியப்பா சின்னதம்பி பள்ளி வாசலில் நின்றார்.

"இன்னா டீச்சர், என்ன சோம்பேறின்னு இங்கிலீசுல வேற சொல்லித் தர்றீங்களாமே? தமிழ்ல சொன்னா ஊரோட போவும். இங்கிலீசுல சொன்னா டெல்லி வரைக்கும் போவாதா?"

இனிமேல் மனிதர்களை ஒப்பிடக் கூடாது என்று சட்டம் போட்டாள். பொருள்களுக்குப் போனார்கள். மலையில் பொருள் என்றால் முதலில் புளி. நதியா வீட்டுப் புளி சதைப்பற்றா, பக்கத்து வீட்டுப் புளி அதைவிடச் சதைப்பற்றா என்று திக், திக்கர் போய்க்கொண்டிருந்தது. அடுத்த நாள் நதியாவின் அம்மா மங்கம்மாள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

"டீச்சர், எங்க மரத்துப் புளி தோலும் கொட்டையுந்தான்னு உங்க கிளாசுல பேசிக்கிறாங்களாம். கீழேர்ந்து வியாபாரி மரம் பாக்க வர்ற நேரம். அவன் காதுல வுழுந்தா இன்னா ஆவறது? உங்களுக்கு ஒப்பிட வேற ஒண்ணுமே கெடைக்கலியா?"

புளியும் போயிற்று. பலாவைத் தொட்டால் பலாக்காரர் வருவார், ஆட்டைத் தொட்டால் ஆட்டுக்காரர் வருவார். கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து, "எங்க ஊரு மாரியம்மா இஸ்" என்று ஆரம்பித்தான். அந்த வாக்கியத்தை ராஜேஸ்வரி முடிக்க விடவில்லை. அது முடிந்திருந்தால் ஆபீசருக்குப் பதில் போலீஸ் வந்திருக்கும்.

யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பொருள் வேண்டும். யார் மனமும் புண்படாமல் திட்டக்கூடிய பொருளாக இருக்க வேண்டும். அன்று மாலை நிறுத்தத்தில் நின்று கால் வலித்துக்கொண்டிருந்தபோது அவளுக்குச் சட்டென்று உதித்தது. பஸ்! மலை முழுக்க ஒரே குரலில் வைவது அதை மட்டும்தான்.

பஸ்ஸை வைத்து வகுப்பு பிய்த்து உதறியது. "மண்டே பஸ் இஸ் லேட். டியூஸ்டே பஸ் இஸ் லேட்டர். மார்க்கெட் டே பஸ் இஸ் தி லேட்டஸ்ட்." பழையது, அதைவிடப் பழையது, எல்லாவற்றிலும் பழையது. அழுக்கு, அதைவிட அழுக்கு. எந்த வீட்டிலிருந்தும் ஆள் வரவில்லை. சின்னதம்பிகூட வழியில் பார்த்து, "இப்பத்தான் டீச்சர் ஒழுங்கா சொல்லித் தர்றீங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார். ராஜேஸ்வரி மனத்துக்குள் படவேட்டுப் பள்ளியின் பெயர்ப்பலகையைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆபீசர் வருகிற நாளும் வந்தது. காலைப் பிரேயருக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். ஜமுனாமரத்தூரிலேயே அறை எடுத்துத் தங்கி, தினமும் பஸ்ஸுக்கும் பிந்தி வந்து சேரும் தேவராஜ் அன்று மட்டும் வாட்ச்மேனுக்கு முன்னால் வந்து கேட்டில் நின்றார். பிரேயர் முடிந்தது. முதல் பீரியட் முடிந்தது. பிள்ளைகளின் தலையில் தடவிய எண்ணெய் நெற்றிக்கு இறங்கியது. சாப்பாடும் ஆகி, பிள்ளைகள் தட்டு கழுவிக்கொண்டிருக்கும்போது ஜீப் வந்தது. பல் குத்திக்கொண்டே இறங்கினார் குணசீலன்.

"காட் ரோட்டுல செம ஜாம். நகரவே வுடல" என்றார்.

காலையில் அதே ஜீப் பீமன் அருவிப் பக்கம் போனதை, மாடு ஓட்டிக்கொண்டு போன பாதிப் பிள்ளைகள் பார்த்திருந்தார்கள். ஆபீசரின் பேன்ட் முழங்கால் வரை ஈரமாக இருந்ததை ராஜேஸ்வரியும் பார்த்தாள். பார்க்காத மாதிரி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

ஏழாம் வகுப்பு எழுந்து நின்று வணக்கம் சொன்னது. ஆபீசர் கரும்பலகையைப் பார்த்தார், மனுவிருந்த ஃபைலை மேசைமேல் வைத்தார், பேனா மூடியைக்கூடக் கழற்றினார். பஸ் ஓடாமலே ராஜேஸ்வரி கைப்பையில் பழத்தைத் தேடினாள்.

"லேட். இந்த வார்த்தைய வெச்சி யாராவது சொல்லுங்க பாப்போம்."

எந்தச் சொல்லை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். அவர் அதைத்தான் கேட்டார். அவள் போட்ட பாதையில் அவரே வந்து ஏறிக்கொண்டதைப் பார்த்து ராஜேஸ்வரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெண்ணிலா கையைத் தூக்கினாள். சொல்லு கண்ணு, மார்க்கெட் டே பஸ்ஸைச் சொல்லு என்று டீச்சர் கண்ணாலேயே கெஞ்சினாள்.

வெண்ணிலா தொண்டையைச் செருமிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "பஸ் இஸ் லேட். ஹெச்.எம். சார் இஸ் லேட்டர். ஆபீசர் சார் இஸ் தி லேட்டஸ்ட்."

தேவராஜ் சுவரிலிருந்த வரைபடத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஆபீசர் புருவத்தை உயர்த்தி, "ஒய்?" என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஆபீசர்கள் விடுவதில்லை.

"பஸ் ஹேஸ் பஞ்சர். ஹெச்.எம். சார் ஹேஸ் ஸ்லீப். ஆபீசர் சார் ஹேஸ் ஃபால்ஸ்."

கடைசி பெஞ்சில் ஆரம்பித்த சிரிப்பு முன்பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. ஆபீசரும் சிரித்தார். பல் மட்டும்தான் சிரித்தது. பேனா மூடியைத் திரும்ப மாட்டினார்.

"பிரமாதம் மேடம். இவ்ளோ தைரியமா இங்கிலீஷ் பேச வெச்சிருக்கீங்க. உங்கள மாதிரி டீச்சர மலையிலேர்ந்து எறக்கறது இந்தப் புள்ளைங்களுக்குப் பண்ற துரோகம். அந்தத் துரோகத்த நான் பண்ண மாட்டேன்."

ஃபைலை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். பாராட்டிக்கொண்டே ஒருவர் கழுத்தை அறுக்க முடியும் என்பதை ராஜேஸ்வரி அன்றுதான் நேரில் பார்த்தாள். தேவராஜ் அருகில் வந்து, "எனக்கும் சேத்துக் குழி தோண்டிட்டீங்களே மேடம்" என்றார். சாயங்காலம் பஸ் இறங்கிய எல்லா வளைவுகளிலும் வளைவே ஜெயித்தது. இரண்டு வளைவுக்கு நடுவில் கொஞ்சம் அழவும் செய்தாள்.

மறுநாள் அவள் பிரம்பை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் வந்தாள். அடிக்கத்தான் முடியாது, மேசையைத் தட்டலாமே.

"பஸ்ஸ மட்டுந்தானே சொல்லணும்னு சொல்லியிருந்தேன்? யாரு யோசன அது? எழுந்திரு."

வெண்ணிலா எழுந்தாள். முனிசாமி எழுந்தான். நதியா எழுந்தாள். கடைசியில் உட்கார்ந்திருந்தது பெஞ்சுகள் மட்டும்தான்.

"ஏன்டி அப்படிப் பண்ண?"

"டீச்சர், ஆபீசரு சந்தோஷப்பட்டா நீங்க போய்டுவீங்கன்னு ஹெச்.எம். சார் சொன்னாரு. நாங்க சாப்ட்டுக்கினு இருந்தோம். காதுல வுழுந்துச்சி."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்" என்றாள் வெண்ணிலா. பிறகு, டீச்சருக்கு விளங்கவில்லை போலிருக்கிறது என்று, முன்பு மாற்றல் வாங்கி மலையிறங்கிய இரண்டு பேரையும் சேர்த்துப் பாடத்திலேயே விளக்கினாள். "கல்பனா டீச்சர் இஸ் குட். கோயிங். சுரேஷ் சார் இஸ் பெட்டர். கோயிங். நீங்க தி பெஸ்ட், டீச்சர். நோ கோயிங்."

ராஜேஸ்வரிக்குக் கோபம் வந்தது. நிஜமாகவே வந்தது. நல்ல டீச்சரெல்லாம் இறங்கிப்போய்விட்டார்கள், ரொம்ப நல்ல டீச்சர் கிடந்து வாந்தி எடுக்க வேண்டுமாம்!

"உங்களுக்கு இன்னா தெரியும்? தினம் அந்த வளைவுல நான் படற பாடு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் டீச்சர்" என்றார்கள் எல்லோரும் ஒன்றாக. பெஞ்சுக்கு அடியில் கையை விட்டார்கள். மேசைமேல் எலுமிச்சம்பழங்கள் விழ ஆரம்பித்தன. காயாக, கனியாக, இலையோடு, பாவாடையில் துடைத்ததாக. ஒவ்வொரு வீட்டுக் கொல்லையும் காலையில் கொள்ளை போயிருக்க வேண்டும்.

"பஸ்ஸுக்கு டீச்சர்" என்றாள் நதியா. "தெனம் எடுத்தார்றோம்."

ராஜேஸ்வரியின் கோபம் போகவில்லை. ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மேசையில்தான் இடம் இல்லையே. கண் கலங்கியது. கலங்கியதைப் பிள்ளைகள் பார்ப்பதற்குள், நல்லவேளையாகச் சண்டை வந்துவிட்டது.

"டீச்சர், எங்க வூட்டுப் பழந்தான் பெருசு!"

"போடா, எங்களுதுதான்டா பெருசு!"

"இங்கிலீஷ்ல!" என்று மேசையைத் தட்டினாள் ராஜேஸ்வரி. பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது.

"மை லெமன் இஸ் பிக்கர் தேன் முனிசாமி லெமன்!"

"முனிசாமீஸ்" என்று திருத்தினாள். திருத்திய பிறகுதான், தான் போட்ட சட்டத்தைத் தானே உடைத்துவிட்டது தெரிந்தது. யார் வீட்டுப் பழம் பெரியது என்று கேட்டுக்கொண்டு நாளைக்கு எத்தனை பேர் வாசலில் வந்து நிற்கப்போகிறார்களோ.

சாயங்காலம் பஸ் வழக்கத்தைவிட லேட். கூடை நிறையப் பழத்தோடு ஏறிய டீச்சரைப் பார்த்துக் கண்டக்டர் தங்கவேல், ஜன்னலோரத்தில் தூங்கியவரை எழுப்பிவிட்டுச் சிரித்தார்.

"இன்னா டீச்சர், எலுமிச்சம்பழ யாவாரமா?"

"யாவாரம் இல்லீங்க, லஞ்சம்" என்றாள் ராஜேஸ்வரி, இருக்கிறதிலேயே பெரிய பழத்தைத் தேடி எடுத்தபடி. "மலைய வுட்டுப் போவறதுக்கு லஞ்சம் குடுக்கறவங்களப் பாத்திருப்பீங்க. எனக்கு இருக்கறதுக்குக் குடுத்திருக்காங்க."