முடி சுற்றிய ஆணி

ஆணி ஒன்று, அதில் மூன்று சுற்று முடி, அப்பா ஓங்கி அடிக்கிறார், புளியமரம் அதிர்கிறது, மரத்தடியில் உட்காரவைத்துக் கட்டியிருக்கிற தங்கச்சி வடிவின் தலையும் அதிர்கிறது, பதினைந்து வயசு, வாயில் நுரை, கண் மேலே செருகியிருக்கிறது, தலையை அழுத்திப் பிடிடா என்று அப்பா கத்த, பிடித்திருப்பது நான்தான், பேயோட்டுகிற கோடாங்கி அவள் முடியை அறுத்துவிட்டு, பேய் இனி மரத்துக்குள்ள, எவனாவது ஆணியைப் பிடுங்கினா நேரே இவகிட்டதான் வரும், பாத்துக்க என்கிறார், என்னைப் பார்த்துத்தான் சொல்கிறார், இருபது வருஷத்தில் பட்டை மூடி ஆணி மறைந்தது, என் இடுப்பு உயரத்தில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான், அதைத் தொட்டுப் பார்க்காமல் ஒருநாளும் நான் பல் தேய்த்ததில்லை.

பக்கத்து வீட்டுச் செந்தட்டி காம்பவுண்டு கட்ட மரம் குறுக்கே நின்றது, சர்வேயர் முக்கால்வாசி அவன் பக்கம் என்றார், வேண்டாம்ப்பா, வடிவுக்காகக் கேக்கேன் என்று கையைப் பிடித்தேன், ஒன் தங்கச்சி பேய்க்கு நான் எடம் விடணுமாக்கும், ரேஷன் கார்டுல அது பேரு இருக்கா மாப்ள என்று சிரித்து, பிடித்த கையை முறுக்கி என் முகத்தைச் சுவரில் இடித்தான், முன்பல் போச்சு, மறுநாள் காலையில் மரமறுக்கிற மிஷினோடு நிற்கிறான், மாப்ள, ஆணி கீணி கெடந்தா சொல்லு, பிடுங்கிட்டு அறுக்கேன், பிடுங்கிட்டு என்றானே, இல்ல என்றேன், வடிவுக்காகத்தான் சொன்னேன், நாக்கு மட்டும் பல் போன ஈறைத் தடவிக்கொண்டே இருந்தது, மிஷின் அந்தப் புடைப்பிலேயே இறங்குகிறது, இப்போது சொல்லலாம், இப்போதும் சொல்லலாம், தீப்பொறி, மிஷின் துள்ளித் திரும்பி அவன் கழுத்தில் ஏறுகிறது, மரத்தூள் சிவப்பாகிறது, விழுந்தவன் என்னையே பார்க்கிறான், ஆணி கீணி என்று திரும்பக் கேட்பதுபோல் வாய் அசைந்து நிற்கிறது.

வடிவு ஓடிவந்தாள், வெட்டுவாயில் மின்னுகிற அரை ஆணியைப் பார்த்தாள், ஏண்ணே சொல்லல, பிடுங்கினா ஒனக்கு வந்துரும்லா தாயி என்றேன், அவள் அழவில்லை, எனக்கு வந்தது வலிப்புண்ணே, ஒனக்குத் தெரியாம பத்து வருஷமா மாத்திரை முழுங்குதேன், பேய் இப்பதான் வந்திருக்கு, ஒன்ட்ட என்றவள் என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து மரத்தில் அழுத்துகிறாள், கன்னத்தில் ரத்தப் பிசுபிசுப்பு, எங்கோ அப்பாவின் சுத்தியல் ஓங்குகிறது, அரை ஆணி, மூன்று சுற்று, இந்தத் தடவை என் முடி.