முதல் விலைக்கே சரி சொன்ன வாள்வீரன்

நானும் நிருபமாவும் சின்னப்பாவும் பெங்களூரு பிரேசர் டவுனில் ஆறு வருஷம் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். இப்போது ஆளுக்கொரு மூலை. ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டுமானால் சில்க் போர்டு டிராஃபிக்கைத் தாண்ட வேண்டும். அந்தத் தைரியம் விளையாட்டில் நாங்கள் ஏற்ற பாத்திரங்களுக்கு இருந்தது, எங்களுக்கு இல்லை.

விளையாட்டு இதுதான். ஒருவர் கதையை நடத்துவார், அது நான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, கதவை உடைக்கிறேன், ஆற்றைத் தாண்டுகிறேன் என்று வாயால் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பாத்திரத்தின் சக்திகளை ஆளுக்கொரு தாளில் பென்சிலால் எழுதி வைத்திருப்பார்கள். வாரம் முழுக்க சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கும் நிருபமா, சனிக்கிழமை மதியம் மந்திரக்காரி. லிஃப்ட் மெக்கானிக்கான சின்னப்பா, வாள்வீரன். நாங்கள் ஆடிய மாடியறை அவனுடையது. பேக்கரியில் நின்று சூடான பப்ஸ் வாங்கி வருவது என் வேலை. அந்த அறையில் காகிதமும் முட்டை பப்ஸும் கலந்த ஒரு வாசனை இருக்கும். இன்றைக்கும் எந்த பேக்கரியைக் கடந்தாலும் கை பகடையைத் தேடுகிறது.

ஆரம்பத்தில் நிருபமாவுக்கு ஒரு நாளைக்கு ஒரே மந்திரம். அதைச் சொல்லிவிட்டு சின்னப்பாவின் முதுகுக்குப் பின்னால் பதுங்கிவிடுவாள். "நிரு, என் பின்னாடியே வா" என்பான் அவன். அதைச் சொல்வதற்காகவே லீவு போடாமல் வந்தான் என்று நினைக்கிறேன். மூன்று வருஷத்தில் ஆட்டம் வளர்ந்தது. அவள் பறந்தாள், நெருப்பு மழை பெய்யவைத்தாள், அவள் முறைத்தாலே பூட்டு திறந்தது. முன்பு ஒரு வெட்டு வெட்டிய வாள்வீரன் இப்போது இரண்டு வெட்டு வெட்டினான். அவன் கண்ட முன்னேற்றம் அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை அவன் பகடையைத் தொடவே இல்லை.

"மச்சா, கம்பெனில சனிக்கிழமை ஷிஃப்ட் கேக்கறாங்க. அடுத்த வாரம் மட்டும் கடைசியா வர்றேன். அப்புறம் திங்கக்கிழமை அவங்ககிட்ட சரின்னு சொல்லலாம்னு இருக்கேன்."

"நீ போனா ஆட்டம்?"

"நான் இருந்தா மட்டும் என்ன? இவ பறந்துபோய் வேலையை முடிச்சிடறா. லிஃப்ட் போட்ட கட்டடத்துல படிக்கட்டு மாதிரி நிக்கறேன் நான்."

"மாய வாள் ஒண்ணு தரட்டுமா?"

"அப்போ சண்டை போடறது வாளு. நான் அதுக்குப் பிடி."

இரண்டு பேராக எங்களுக்கு ஆடத் தெரியாது. அவன் போனால் மேஜையும் போச்சு. அன்றிரவே நிருபமாவுக்கு போன் போட்டு, மந்திரத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"மூணு வருஷம் உசுரைக் கையில புடிச்சிட்டு சேர்த்தது கேசவ். ஒண்ணுகூட தரமாட்டேன். என் காலைக் கட்டினா அவன் வேகமா ஓடுவானா?"

நியாயம்தான். நான் சிக்பேட்டை பட்டுக்கடைக்காரர் மகன். எங்கள் கடையில் போகாத புடவையை அப்பா குறைத்து விற்க மாட்டார். ஊருக்கு வெளியே அத்திபெலேயில் இருக்கிற கடைக்கு அனுப்பிவிடுவார். அங்கே முதல் நாளே போய்விடும். நானும் சின்னப்பாவுக்காக வேறொரு ஊரைக் கட்டினேன். மந்திரம் நுழையாத சுவர் வைத்த கோட்டை. மனசை மயக்கத் தெரிந்த ஆள் எதிரில் யார் ஒப்பந்தம் போடுவார்கள்? அதனால் மந்திரம் தெரிந்தவர்கள் வாசலோடு சரி. உள்ளே நாற்பது பேர் சிறையில். மீட்டு வரப் பேசப்போகிறவன் வாள்வீரன் மட்டும்.

அடுத்த சனிக்கிழமை நிருபமாவை நாற்காலியோடு அறை வாசலில் உட்காரவைத்தேன். சின்னப்பா என் எதிரில். நான் கோட்டைத் தலைவன்.

"நாப்பது பேரை விடணும்னா நீ பத்து வருஷம் இங்கயே பிணையா இருக்கணும்" என்றேன்.

எங்கள் கடையில் முதல் விலையை யாரும் விலையாக எடுத்துக்கொள்வதில்லை. அது ஒரு வணக்கம் மாதிரி. அவன் பத்து நாள் என்பான், நான் நெஞ்சில் கைவைத்துக்கொள்வேன், அவன் எழுந்து போவான், நான் கூப்பிடுவேன். கடைசியில் இரண்டு மூட்டை உப்போடு முடியும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

"நாப்பது பேர்ல குழந்தைங்க இருக்கா?" என்றான் சின்னப்பா.

"இருக்கு."

"சரி. இருக்கேன்."

ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்துவிட்டு, "ஊட்டா ஆய்த்தா?" என்று அவர் சாப்பாட்டையும் விசாரிக்கிற ஆள் அவன். இது தெரிந்தும் நான் அவனிடம் முதல் விலை சொன்னேன்.

"டேய், பேரம் பேசுடா!" வாசலிலிருந்து நிருபமா கத்தினாள்.

"நீ வெளிய இருக்கே. உன் சத்தம் எனக்குக் கேக்காது."

எங்கள் மேஜையில் வாயால் சொன்னது சொன்னதுதான். அதைப் பகடைகூட மாற்றாது. எவனை ஆட்டத்தில் நிறுத்திவைக்கக் கோட்டை கட்டினேனோ, அவனையே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன். சின்னப்பா தன் தாளை மடித்தான். முகத்தில் வருத்தமே இல்லை. "நல்லா இருந்துச்சு மச்சா. போற நேரத்துல எனக்கும் ஒரு வேலை கிடைச்சுது."

நிருபமா நாற்காலியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மந்திரக்காரி வரக்கூடாது" என்றேன்.

"மந்திரத்தை வாசல்ல வெச்சுட்டு வர்றேன்." தன் தாளை விரித்து ரப்பரை எடுத்தாள். "பறக்கறது. அழிச்சுட்டேன். ரெண்டு வருஷம் குறை."

"ஒரு வருஷம்" என்றேன். பிறவிக் கோளாறு, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அறைஞ்சுடுவேன்."

"சரி, ரெண்டு."

"நெருப்பு மழை. நாலு வருஷம்."

"நிரு, வேணாம்" என்றான் சின்னப்பா. "அதுக்கு எவ்ளோ கஷ்டப்பட்டே!"

"பிணைக்கைதி பேசக்கூடாது. பூட்டு திறக்கறது, மூணு."

தாள் முழுக்க ரப்பர் துகள். நான் தோற்க ஆசைப்பட்டுப் பேசிய பேரம் வாழ்க்கையில் அது ஒன்றுதான். ஒரு வருஷம் மிச்சமிருந்தபோது அவள் அடுத்த வரியில் ரப்பரை வைத்தாள். சின்னப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"போதும். மிச்சத்தை நானே பேசிக்கறேன்." என் பக்கம் திரும்பித் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். "ஒரு வருஷம்னா... பதினோரு மாசம்?"

நிருபமா தலையில் அடித்துக்கொண்டாள். நான் நெஞ்சில் கைவைத்து, இது அநியாயம், என் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்றெல்லாம் புலம்பிவிட்டுச் சம்மதித்தேன்.

அவன் மடித்த தாளைப் பிரித்தான். "பதினோரு மாசம் உள்ள என்ன பண்ணுவேன்? கிணறு இருக்கா? சமையல் யாரு?"

திங்கட்கிழமை கம்பெனியில் முடியாது என்று சொல்லிவிட்டானாம். காரணம் கேட்டதற்கு, இனி சனிக்கிழமைகளில் வெளியூரில் இருப்பேன் என்றானாம்.