துரத்தி வந்து கடித்தது

அக்காவின் கணவருக்கு மலை ஏற வேண்டும் என்ற ஆசையெல்லாம் கிடையாது. இருபது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். உட்கார்ந்த இடத்திலேயே ஊரைச் சுற்றியவர். சர்க்கரை ஏறிப்போய், நடந்தே தீரவேண்டும் என்று மருத்துவர் கறாராகச் சொன்ன பிறகு, அக்காவின் தம்பியான மச்சினன்தான் அவரை விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனான். அவன் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க ஊராரை மாடி ஏற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காலில் மலை ஏறுகிறவன். "என்ன இன்ஜினியர், இன்னைக்கு எத்தனாவது மாடி?" என்று மாமா கிண்டல் செய்துகொண்டேதான் பின்னால் வருவார்.

அது மூன்றாவது ஞாயிறு. காலை எட்டரை மணி இருக்கும். ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. வளைவில் திரும்பியதும் அவன் சட்டென்று நின்றான். ஏழெட்டு அடி தள்ளி, வெயில் விழுந்த இடத்தில், சருகோடு சருகாக ஒரு விரியன் சுருண்டு கிடந்தது.

பாம்பு ஓடவில்லை. அவர்களை நோக்கி வரவும் இல்லை. தலையைச் சுருளுக்குள் இழுத்துக்கொண்டு, குக்கர் விசிலடிக்கும் முன் ஒரு சத்தம் வருமே, அதுபோல நிற்காமல் சீறியது.

"பின்னாடி வா" என்றார் மாமா. "அதுபாட்டுக்கு வெயில் காயுது. கொஞ்ச நேரம் நிப்போம், தானாப் போயிடும்."

"போகாது மாமா. மதியம் வரைக்கும் இங்கயேதான் கிடக்கும்."

"அப்ப திரும்பிடுவோம். மலை எங்க ஓடிடப் போகுது?"

திரும்ப அவனுக்கு மனமில்லை. போன இரண்டு வாரமும் மாமாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று பாதியில் இறங்கியாயிற்று. உச்சிக்கு இன்னும் அரை மணி நேரம்தான். "நீங்க அங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு, ஊன்றி வந்த கைத்தடியைப் பாம்பின் சுருளுக்கு அடியில் விட்டு, சரிவுப் பக்கம் வீசிவிடப் பார்த்தான்.

"டேய், வேணாம்டா!" என்று மாமா அவன் தோளைப் பிடித்து இழுக்க வந்தார். அதே நேரம் தடி உயர்ந்தது. பாம்பு நினைத்ததைவிடக் கனம். தடியில் வழுக்கி, பின்பக்கமாகத் தெறித்து, மாமாவின் தொடையில் போய் விழுந்தது. விழுந்த வேகத்திலேயே கால்சட்டைத் துணியோடு சேர்த்துக் கடித்தது. அப்புறம் கீழே விழுந்து, இருவரையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் புதருக்குள் போய்விட்டது.

மாமா கத்தவில்லை. "கடிச்சிருச்சுடா" என்று மட்டும் சொல்லி, பாறையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

செல்போனில் சிக்னல் இல்லை. அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துண்டைக் கிழித்துத் தொடையை இறுக்கிக் கட்டினான். ஆடாமல் அசையாமல் அவரை உட்காரவைத்துவிட்டு ஓடிப்போய் ஆள் கூட்டி வந்திருக்கலாம். தனியே விட்டுப் போகப் பயந்து, தோளில் தாங்கி நடத்தியே இறக்கினான். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அடிவாரம் வந்தபோது மாமா துப்பிய எச்சில் சிவப்பாக இருந்தது.

மருத்துவமனையில் அவருடைய இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்தார்கள். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்த்தபோது அது உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடியது. "யாரு இப்படிக் கட்டுனது? நடக்க வேற விட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே மருத்துவர் விஷமுறிவு மருந்தை ஏற்றச் சொன்னார்.

அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். "என்னடா ஆச்சு?" என்று சட்டையைப் பிடித்தாள். அவன் யோசித்துப் பேசவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"பாம்பு துரத்தி வந்து கடிச்சிருச்சுக்கா. நாங்க ஓடுனோம். மாமாவால முடியல."

மறுநாள் மாமாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. முகம் வீங்கியிருந்தது, சிறுநீர் வரவில்லை. அக்கா அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே, "எப்படிங்க கடிச்சுது?" என்று கேட்டாள். கட்டிலின் கால்மாட்டில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தான் தம்பி.

மாமா அவன் பக்கம் திரும்பவில்லை. "நான்தான் பாக்காம மிதிச்சுட்டேன்" என்றார். "அவன் முன்னாடி போயிட்டிருந்தான். பாவம், என்னைச் சுமந்துக்கிட்டு வந்தான்."

அக்கா தலையைத் தூக்கித் தம்பியை ஒரு தடவை பார்த்தாள். ஐந்தாம் நாள், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, மாமா போய்ச் சேர்ந்தார்.

மூன்று வாரம் கழித்து, ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் மேல்தளத்தில், மோட்டார் அறைக்குள் அவன் பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தான். லிஃப்ட்டை நிறுத்தி வைத்திருந்ததால் அக்கா படியேறித்தான் வந்தாள். வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

"சர்டிபிகேட் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்" என்றாள். "டாக்டர்கிட்ட கேட்டேன். விரியன் மனுஷனைத் துரத்தாதாம். துரத்தி அதுக்கு என்ன லாபம், நம்மளைத் திங்கவா போகுதுன்னு கேக்குறாரு. பயந்தா கடிக்கும், இல்லேன்னா விலகிடுமாம்."

அவன் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது.

"சரி, அவர் சொன்ன மாதிரி மிதிச்சிருப்பாருன்னா, பாதத்துலயோ கணுக்கால்லயோதானே கடிச்சிருக்கணும்? தொடையில எப்படிடா?"

மோட்டார் அறைக்கு ஒரே வாசல். அதில் அவள் நின்றிருந்தாள். அவன் கீழே உட்கார்ந்துவிட்டான். தடியை நீட்டியதிலிருந்து, மாமா 'வேணாம்டா' என்று தடுத்தது, தடி உயர்ந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லி முடித்ததும் அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முகம் வீங்கிப்போய்க் கிடந்தப்பகூட உன்னைக் காப்பாத்தப் பாத்திருக்காரு" என்றாள் அக்கா. "நீ, ஓட முடியாதவருன்னு பழியை அவர் கால் மேல போட்டுட்ட."

"அக்கா..."

"நானாக் கூப்பிடுற வரைக்கும் வீட்டுப் பக்கம் வராத."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக அவள் இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அவன் அன்று பிரேக்கை நான்கு தடவை பூட்டி, நான்கு தடவை கழற்றினான். எதுவுமே சரியாகப் பூட்டியதாகத் தோன்றவில்லை.

பத்து மாதம் கழித்து அக்கா போன் செய்தாள். "மோட்டார் தண்ணி ஏத்த மாட்டேங்குது. வெளியாள் ரெண்டு பேர் பாத்தும் சரியாகல" என்றாள். அவன் போனான். வால்வில் மண் அடைத்திருந்தது. சரிசெய்து கை கழுவி வந்தபோது சமையலறை மேடையில் அவனுக்கு ஒரு டம்ளர் டீ இருந்தது. அக்கா அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை. அவன் நின்றுகொண்டே குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

"வர்றேன்க்கா."

"கதவைச் சாத்திட்டுப் போ" என்றாள் அவள்.