அம்புக்குறி போட்ட ஃபியூஸ்

அண்ணன் போனில் "ஒரு சின்ன வேலை, வந்துட்டுப் போ" என்றுதான் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை மதியம், துவைத்துக்கொண்டிருந்த துணியைப் பாதியில் விட்டுவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தங்கை கிளம்பினாள். போய்ச் சேர்ந்தால் அவன் பாட்டு அறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வக்கீல், இன்னொருவர் வீடு கட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்டர். மாதத்தில் ஒரு நாள் கூடி, ஸ்பீக்கருக்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள். அண்ணி அவர்களுக்குக் காது கோஷ்டி என்று பெயர் வைத்திருந்தாள்.

"வந்துட்டா நம்ம ஸ்க்ரூட்ரைவர்" என்றான் அண்ணன்.

அவன் பல் டாக்டர். அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கருவிகளைப் பழுதுபார்க்கிறவள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குத்தான் மார்க் அதிகம். ஆனாலும் வீட்டில் ஒருவரைத்தான் டாக்டராக்க முடியும் என்று அப்பா சொல்லிவிட்டார். அந்த ஒருவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கு டிப்ளமோ கிடைத்தது. பதினைந்து வருஷமாக நோயாளிகள் முன்னாலும் விருந்தாளிகள் முன்னாலும் இந்தப் பட்டப்பெயரும் கிடைத்துவந்தது. அவளும் சும்மா இருந்தவள் இல்லை. அவன் வீட்டுக்குள் நுழையும்போதே நாக்கைத் தீட்டிக்கொண்டுதான் நுழைவாள்.

அவன் ஒரு சின்ன வெல்வெட் பெட்டியைத் திறந்தான். பஞ்சுக்குள் புதைந்து ஒரு ஃபியூஸ் கிடந்தது. அரை விரல் நீளம். இரண்டு முனையிலும் தங்கப் பூச்சு. நடுவில் ஒரு அம்புக்குறி.

"அம்பு எதுக்கு?" என்றாள்.

"கரண்ட் போற திசை. திருப்பிப் போட்டா சத்தம் சுருங்கிடும்."

"அண்ணே, வீட்டுக்கு வர்றது ஏசி கரண்ட். செகண்டுக்கு நூறு தரம் திசை மாறுது. எந்தப் பக்கம்னு அம்பு காட்டுது?"

வக்கீல் தொண்டையைச் செருமினார். "எல்லாத்தையும் மீட்டர் வெச்சு அளந்துட முடியாதும்மா. அதுக்குப் பழகின காது வேணும்."

"பழகின காதுதான் சார், நல்லாவே குத்தியிருக்காங்க."

அண்ணனின் முகம் சிவந்தது. ஆறு மாதத்தில் அவன் மாற்றிய சாமான்களை வரிசையாகச் சொன்னான். முதலில் கெபாசிட்டர், அப்புறம் சுவரில் இருந்த பிளக் பாயின்ட், அதற்குப் பிறகு பவர் ஒயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை விலகியதாம். ஆனால் இரண்டு வாரத்தில் மறுபடி மங்கிவிடுகிறதாம், குரலுக்கு மேலே ஒரு போர்வையைப் போட்ட மாதிரி. "இந்த ஃபியூஸைப் போட்டா அது நிரந்தரமாப் போயிடும். ஆம்ப்ளிஃபயர் பின்பக்க மூடியத் திறக்க எனக்கு நேரமில்ல, அதான் உன்னைக் கூப்பிட்டேன். போட்டுட்டுப் போ. தத்துவம் பேசாத."

அப்போது அவள் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். பாட்டு ஓடவில்லை, ஆனால் ஆம்ப்ளிஃபயர் ஆனில் இருந்தது. வலது ஸ்பீக்கரிலிருந்து மெல்லிசாக ஒரு கீச்சொலி வந்துகொண்டே இருந்தது, காதோரம் கொசு பறப்பதுபோல. அலமாரிக்குப் பின்னால் யாரோ ஒரு மலிவான போன் சார்ஜரைச் செருகியிருந்தார்கள், வேலை அதனுடையது. ஒரு விரலால் பிடுங்கினால் போய்விடும்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அந்த ஸ்பீக்கருக்கு நேரே, ஆறடி தள்ளி, அவன் நிம்மதியாக உட்கார்ந்திருந்தான்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வலது காதுக்கு ஒரு சாண் தூரத்தில் பல் குடையும் டிரில். ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் இயந்திரத்தை மாதாமாதம் சரிபார்ப்பவளும் அவள்தான். இந்த மாதிரிக் காதுகள் வந்துபோவதைப் பார்த்திருக்கிறாள். கொஞ்ச நாளாகப் போனை அவன் இடது காதுக்கே மாற்றிக்கொள்வதும் இப்போது நினைவுக்கு வந்தது. அண்ணியைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் ரகசியமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி, போடறேன். ஆனா ஒரு பந்தயம்" என்றாள். "பத்து தரம். திரைக்குப் பின்னால நான் பழைய ஃபியூஸோ புதுசோ போடுவேன். எதுன்னு நீ சொல்லு."

"பத்தும் சொல்றேன்."

அண்ணி திரைக்குப் பின்னால் நாணயத்தைச் சுண்டி, விழுந்ததையும் அண்ணன் சொன்னதையும் ஒரு தாளில் எழுதினாள். பூ விழுந்தால் புதியது, தலை விழுந்தால் பழையது. தங்கை ஒவ்வொரு தடவையும் ஆம்ப்ளிஃபயரை அணைத்து, மூடியைத் திருகிக் கழற்றி, மறுபடி திருகினாள். ஃபியூஸை மாற்றாத தடவைகளிலும் கழற்றி மாட்டினாள், ஓசையை வைத்து ஊகித்துவிடக் கூடாது என்று. அதே பாட்டின் அதே இரண்டு நிமிஷம் பத்து முறை ஓடியது. முதல் மூன்றுக்கு அண்ணன் பாடகர் இழுத்த மூச்சைக்கூட வர்ணித்தான். ஐந்தாவதில் நெற்றியைத் துடைத்தான். எட்டாவதில் "இன்னொரு தரம் போடு" என்றான். கான்ட்ராக்டர் தரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

அண்ணி தாளைப் படித்தாள். பத்தில் ஐந்து.

"அஞ்சு சரியாச் சொல்லியிருக்காரே" என்றார் வக்கீல்.

"சார், அந்த நாணயத்தைக் கேட்டிருந்தா அதுவும் அஞ்சு சொல்லியிருக்கும்."

"நீ வேணும்னே திருப்பிப் போட்ட!" அண்ணன் எழுந்துவிட்டான். "அம்பை மாத்திப் போட்டிருப்ப! சின்ன வயசுலேர்ந்து வயித்தெரிச்சல் உனக்கு! நான் நல்லா இருந்தா உனக்குத் தூக்கம் வராது!"

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்."

"ரிப்பேர் பண்றவதானே நீ? பண்ணிட்டுப் போ. இசையப் பத்தி உனக்கு என்னடி தெரியும்?"

அவ்வளவு நேரம் நாக்குக்கு அடியில் இருந்தது வெளியே வந்தது.

"வக்கீல் சார், வலது ஸ்பீக்கர்ல ஒரு சத்தம் வருதே, கேக்குதா?"

வக்கீல் தயங்கினார். "கீ...ன்னு ஒண்ணு. வந்ததுலேர்ந்து வருது. டாக்டர் தெரிஞ்சுதான் விட்டிருக்கார்னு நினைச்சேன்."

"உங்களுக்கு?"

கான்ட்ராக்டர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அண்ணியின் கண் அந்த ஸ்பீக்கரைத்தான் பார்த்தது.

அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு வலது ஸ்பீக்கரிடம் போய்க் காதை ஒட்டினான். எல்லாரும் காத்திருந்தார்கள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"போர்வை ஆம்ப்ளிஃபயர் மேல இல்லண்ணே, உன் காது மேல கிடக்கு" என்றாள் தங்கை. "அதை மாத்த ஃபியூஸ் விக்கறாங்களான்னு கேளு."

சொன்ன வேகத்தில் சார்ஜரைப் பிடுங்கி மேஜைமேல் போட்டாள். கீச்சொலி நின்றது. நின்றது மற்ற நான்கு பேருக்கும் தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை.

"வெளிய போ" என்றான். குரல் உயரவில்லை. அவள் போனாள்.

பத்து நாள் கழித்து, ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை அறைக்கு வெளியே அவனைப் பார்த்தாள். அண்ணிதான் இழுத்துவந்திருக்க வேண்டும். தங்கை அப்போதுதான் இயந்திரத்தைச் சரிபார்த்துவிட்டு, கையில் ஹெட்போனுடன் வெளியே வந்தாள். அவன் ஹெட்போனைப் பார்த்தான், அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தான்.

"இந்த மெஷினைப் பாத்துக்கறது இவளா?" என்று நர்ஸிடம் கேட்டான்.

"ஆமா டாக்டர்."

"அப்ப இது சொல்றத நான் நம்ப மாட்டேன்." திரும்பி நடந்துவிட்டான்.

வேறு ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டான். அங்கே வரைபடத்தின் கோடும் தங்கை சொன்னதையே சொன்னது: வலது காதில் கீச்சென்ற மேல் ஒலிகள் பாதிக்கு மேல் போய்விட்டன, இடதும் சரியத் தொடங்கியிருக்கிறது. இனி டிரில்லைத் தொடும்போது காதை அடைத்துக்கொள்ளச் சொன்னார்களாம். அண்ணிதான் போனில் சொன்னாள்.

"உன்னாலதான் தெரிஞ்சுது. இன்னும் ரெண்டு வருஷம் போயிருந்தா ரெண்டும் போயிருக்கும்னு சொன்னாங்க."

தங்கை போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆனா எங்கிட்ட தனியாச் சொல்லியிருக்கலாம். நாலு பேர் முன்னால சொன்ன பாரு, அதை நானும் மறக்க மாட்டேன்."

"அவன் மட்டும் நாலு பேர் முன்னால—"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

காது கோஷ்டி அதற்குப் பிறகு கூடவில்லை என்று கேள்வி. புது ஃபியூஸ் இன்னும் ஆம்ப்ளிஃபயரிலேயே இருக்கிறதாம். அண்ணன் தனியாக உட்கார்ந்து கேட்கிறானாம். சத்தம் வீதிமுனைவரை வருகிறதாம்.

நான்காவது மாதம் தங்கைக்குக் கடைவாய்ப் பல் குடைந்தெடுத்தது. மூன்று நாள் மாத்திரை போட்டுப் பொறுத்துப் பார்த்தாள். முடியாமல், பஸ் ஏறி, குடும்பத்தில் யாருக்கும் தெரியாத ஒரு பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்தாள். இளம்பெண். இரண்டு காதிலும் மஞ்சள் பஞ்சு அடைத்திருந்தாள். சீட்டில் எழுதியிருந்த ஊரையும் அப்பா பெயரையும் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"உங்க அண்ணனே பெரிய டாக்டராச்சே! அவர்கிட்ட போகாம ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க?"

பதில் சொல்லாமலிருக்க ஒரே வழிதான் இருந்தது. தங்கை நாற்காலியில் சாய்ந்து வாயை அகலத் திறந்தாள்.