பழனாத்தாளின் கைகள்

கைகள் மட்டும்தான், முகம் இல்லை, வெள்ளை நூலுக்கு நடுவிலிருந்து இரண்டு கைகள் வந்து அறுந்த இழையின் இரு முனைகளையும் பிடித்திருக்கின்றன, முடிச்சு இன்னும் விழவில்லை, விழப்போகிறது, நாற்பத்திரண்டு வருடமாக விழப்போகிறது, ஹாலில் நாற்காலியில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேனா, கண்ணயர்ந்து கனவில் பார்க்கிறேனா தெரியவில்லை, மதிய வெயில் ஜன்னல் கம்பி வழியாக வந்து படத்துக்குக் கீழே நிற்கிறது, ஏனுங்க, வியாழக்கிழமை காட்சியகத்துக்காரங்க படமெல்லாம் எடுத்துட்டுப் போக வண்டியோட வர்றாங்க, அறுபத்தேழு படத்தையும் எறக்கி வச்சுட்டீங்க, இது மட்டும் எதுக்கு இன்னும் ஆணியில தொங்குது என்று ரங்கநாயகி கேட்கிறாள், ஐம்பது வருடம் என்னோடு குடித்தனம் செய்தவளுக்குப் பதில் தெரியும், தெரிந்துகொண்டே கேட்பது அவள் பழக்கம்.

நான் ஓவியன் இல்லை, கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலையில் தொழிலியல் பொறியாளராக இருந்தவன், அதாவது மற்றவர்கள் வேலை செய்யும்போது பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு நின்று, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதி, ஷிப்டுக்கு இத்தனை என்று அளவு வைப்பவன், ஆலையில் என்னை யாருக்கும் பிடிக்காது, நான் வருவதைக் கண்டால் பேச்சு நின்றுவிடும், அதற்குப் பயந்துதான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவியர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேனோ என்னவோ, ஒரு சிவப்பு எருமை, யாருமில்லாத ஒரு ரயில்வே பிளாட்பாரம், பச்சை முகத்தோடு ஒரு பாதிரியார் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்து சேர்ந்தன, சமையலறைச் சுவரையாவது எனக்கு விட்டு வைங்க சாமி என்று ரங்கநாயகி கையெடுத்துக் கும்பிட்டாள், சில மதியங்களில் எருமை எழுந்து அந்தப் பிளாட்பாரத்தில் போய் நிற்கும், சத்தியமாக நிற்கும், நான் விழித்துக் காபி குடித்த பிறகுதான் தன் சட்டத்துக்குள் திரும்பும், படங்களிடம் எனக்கு அவசரமே இருந்ததில்லை, மணிக்கணக்காகப் பார்ப்பேன், இந்த மனுஷனுக்குப் பார்க்கத் தெரியும் என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள், நானும் அதை நம்பினேன்.

பழனாத்தாள் ரீலிங் பகுதியில் இருந்தாள், சுழலும் சட்டத்தில் நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றி எடுக்கிற வேலை, இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு மறுபடி ஓட விட வேண்டும், முப்பது பெண்கள், அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும், மூன்று நாள் அவள் பக்கத்தில் நின்று நேரம் எடுத்தேன், எங்கள் தொழிலில் பால பாடம் ஒன்று உண்டு, கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் யாரும் மெதுவாகத்தான் செய்வார்கள், வேகம் காட்டினால் நாளைக்கு எல்லோர் தலையிலும் அந்த அளவுதானே விழும், ஆகவே வாட்ச் சொல்வதை அப்படியே எழுதக் கூடாது, அவர் செய்வது வழக்கமான வேகமா, குறைவா, கூடவா என்று நம் கண்ணால் மதிப்பிட்டு ஓர் எண் போட வேண்டும், வழக்கத்துக்கு நூறு, மிக வேகமென்றால் நூற்று முப்பது, இவளும் எல்லோரையும்போல இழுத்தடிக்கத்தான் போகிறாள் என்று முன்பே முடிவு செய்துகொண்டு போனவன், வாட்ச் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, பெரிய மனது பண்ணி நூறு போட்டேன். அவள் நூற்று முப்பதில் ஓடிக்கொண்டிருந்தாள். அந்த ஓட்டத்தை வழக்கம் என்று நான் எழுதியதால் முப்பது பேரும் அப்படியே ஓட வேண்டியதாயிற்று, யாராலும் முடியவில்லை, தினமும் அளவு எட்டாமல் மேஸ்திரியிடம் பேச்சு வாங்கினார்கள், என்னை வைய முடியாது, அவளை வைதார்கள், அவளோடு பேசுவதையும் சேர்ந்து சாப்பிடுவதையும் நிறுத்தினார்கள், இரண்டு வருடம் இது எனக்குத் தெரியாது.

ஞானசிகாமணி சொல்லித்தான் தெரிந்தது, தாடியும் ஜோல்னாப் பையுமாக இருந்த ஓவியர், ஆலையை வரையட்டும் என்று நான்தான் ஒரு மத்தியானம் உள்ளே கூட்டிப்போனேன், இயந்திரங்களை விட்டுவிட்டு ஒருத்தியின் கைகளையே வரைந்துகொண்டு நின்றார், இடைவேளை மணி அடித்ததும் என்னிடம் வந்து, ஏன் சார், அந்தப் பொண்ணு மட்டும் தூணுக்கு அந்தப் பக்கம் தனியா உக்காந்து சாப்புடுதே, ஏன் என்றார், மேஸ்திரியைக் கேட்டேன், உங்க வாட்ச்சு பண்ண வேலைதானுங்க என்று அவர் சிரித்தார், அன்றைக்கே திருத்தியிருக்கலாம், ஒரு தாள், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான், ஆனால் தப்பு என் கண்ணுடையது என்று எழுதிக்கொடுக்க மனம் வரவில்லை, அளவு சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன், அவள் இன்னும் ஆறு வருடம் தூணுக்கு அந்தப் பக்கமே சாப்பிட்டுவிட்டு வேலையை விட்டுப் போனாள், படத்தை வாங்கி நடு ஹாலில் மாட்டினேன், வந்தவர்களெல்லாம் அந்தக் கைகளைப் புகழ்ந்தார்கள், நானும் கூடத் தலையாட்டினேன், வெட்கங்கெட்டவன்.

போய்க் குடுத்துட்டு வாய் விட்டுச் சொல்லிட்டு வாங்க, இல்லீன்னா இந்தக் கட்டை வேகாது என்று ரங்கநாயகி போர்வையை எடுத்துக் கொடுத்தாள், படத்தைச் சுற்றிக் காரில் வைத்துக்கொண்டு பழனாத்தாளின் ஊரான கண்ணம்பாளையத்துக்குப் போகிறேன், கனவில் எத்தனையோ தடவை போன வழி, கனவில் அந்த வீட்டுக்குக் கதவு இருக்காது, சுற்றிச் சுற்றி வருவேன், இதற்கு நீலத்தில் ஒரு கதவு இருந்தது, திறந்தவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், என்ஜினீருங்களா, வாங், உள்ள வாங், என்னங் இப்பிடி எளச்சுப் போயிட்டீங் என்றாள், மோர் கொண்டுவந்து கொடுத்தாள், படத்தைச் சுவரோரம் சாய்த்துப் போர்வையை விலக்கினேன், குனிந்து பார்த்து, அட, என்ர கையி என்று சிரித்தாள், பிறகு படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் எதிரே கட்டிலில் உட்கார்ந்தாள், இது உங்களுக்குத்தான், அன்னிக்கி நான் வச்ச அளவு தப்பு, உங்க வேகந்தான் எல்லாரு வேகமும்னு எழுதிட்டேன், தெரிஞ்ச பொறகும் திருத்தல, அதனாலதான் உங்கள ஒதுக்கி வச்சாங்க, என்னை மன்னிக்கணும் என்றேன், வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்த வாக்கியம்.

அட, அது தெரியாதுங்களா என்றாள், மெதுவாச் செய்யி, மெதுவாச் செய்யின்னு அவளுக படிச்சுப் படிச்சுத்தானுங் சொன்னாளுக, நானும் சரின்னுட்டுத்தான் வந்தேன், நீங்க வந்து பக்கத்துல நின்னீங், பொறந்ததுல இருந்து என்ர வேலைய ஒருத்தரு நின்னு பாத்ததில்லீங், ஆத்தா பாக்கல, கட்டுனவரு பாக்கல, நீங்க மூணு நாளுப் பாத்தீங், இத்தன படிச்சவரு நம்ம கையப் பாக்குறாரேன்னு, மெதுவாச் செய்ய கையி கேக்கலீங், அவளுக பேசலீன்னா போச்சாது, போகட்டும், ஒருத்தரு பாத்தாருல்லன்னுட்டுத்தான் அந்த எட்டு வருசமும் ஓட்டுனேன் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, ஏனுங், எப்பிடி இருந்துச்சுங் அன்னிக்கி, நல்லாச் செஞ்சனுங்களா என்று கேட்டாள்.

அம்மா, நான் பார்த்தது வாட்ச்சின் முள்ளை, உங்கள் கையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், மன்னிப்புக் கேட்க வந்தவன் அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஆனால் அவள் தனியாகத் தின்ற சோற்றுக்கு அது ஒன்றுதான் துணையாக இருந்திருக்கிறது, அதைப் பிடுங்கிக்கொண்டு நான் மட்டும் சுத்தமாகி வீடு திரும்புவதா, அவள் தோளுக்குப் பின்னால் சுவரோரம் படம் இருந்தது, இடது கைக் கட்டைவிரல் கொஞ்சம் மடங்கியிருந்தது, அதைச் சொன்னேன், சுண்டுவிரல் மட்டும் நூலில் படாமல் விலகி நின்றது, அதையும் சொன்னேன், ஆமாங், அது அப்பிடித்தானுங் நிக்கும் என்று கண்களை மூடிக்கொண்டாள், வலது கை முன்னால போகும், இடது கை அதுக்குக் காத்திருக்கும், அவசரமே தெரியாது என்றேன், இன்னுஞ் சொல்லுங் என்றாள், நான் அவள் தோளுக்கு மேலே பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.